கையைத் தூக்கட்டாம்

வெள்ளவத்தை
11.02.2024

அன்புள்ள மச்சாளுக்கு,

நாங்கள் எல்லோரும் சுகம். உங்கள் முழங்கால் எப்படி? நான் அனுப்பிய எண்ணெயைப் பூசுகிறீர்களா, அல்லது அலுமாரிக்குள் பத்திரமாக வைத்திருக்கிறீர்களா?

இந்த மாதக் கடிதம் என் கையெழுத்தில் வருவதைப் பார்த்துப் புருவத்தை உயர்த்துவீர்கள். உங்கள் தம்பிக்கு வலது மணிக்கட்டில் ஒரு பிடிப்பு. புதுக்கடைக் கோர்ட்டில் வழக்குகள் குவிந்து கிடப்பதால் ஓய்வெடுக்கவும் நேரமில்லை. "அக்காவுக்கு இந்த முறை நீர் எழுதும்" என்று சொல்லிவிட்டார்.

மகள் தாரிகாவை வங்கியில் நுகேகொடைக் கிளைக்கு மாற்றியிருக்கிறார்கள். காலையில் பஸ்ஸில் நசுங்கிப் போய், மாலையில் நசுங்கி வருகிறாள். எங்கள் மாடிவீட்டு லிஃப்ட் திரும்பவும் பழுது. மற்றபடி புதினம் ஒன்றுமில்லை.

உங்கள் சுகத்தை எழுதுங்கள்.

அன்புடன்
அருந்ததி


கொக்குவில்
19.02.2024

அன்புள்ள அருந்ததிக்கு,

கடிதம் கிடைத்தது. முழங்கால் பரவாயில்லை. காது வழமைபோல, பக்கத்து வீட்டு நாய் குரைப்பதாகச் சனம் முறைப்பாடு செய்கிறது, நான் நிம்மதியாகத் தூங்குகிறேன்.

உமது கையெழுத்து அழகு. ஆனால் எனக்கு வேண்டியது அதுவல்ல. எனக்குக் காய்ச்சலில் காது போனபோது நாகேந்திரத்துக்கு மூன்று வயது. அவன் கதைக்கப் பழகியதே என் முகத்துக்கு நேரே நின்று, வாயை நன்றாகத் திறந்துதான். கொழும்புக்குப் போன நாளிலிருந்து எனக்கு எழுதும் கடிதத்தை அவன் வேறொருவரிடமும் கொடுத்ததில்லை. நீதவான் சிங்களத்தில் கேட்பதைத் தமிழிலும், சாட்சிக்காரன் தமிழில் சொல்வதைச் சிங்களத்திலும் மாற்றிச் சொல்லிச் சம்பளம் எடுக்கிற முதலியார், தன் சொந்தப் பேச்சை இப்போது உம்மிடம் ஒப்படைத்துவிட்டானாம். நம்புகிறேன், நம்புகிறேன்.

மணிக்கட்டு வலியென்றால் இடது கையால் ஒரு வரி கிறுக்கச் சொல்லும். வாசிக்க முடியாவிட்டாலும் பரவாயில்லை.

தாரிகாவுக்கு என் அன்பைச் சொல்லும்.

அன்னபாக்கியம்


வெள்ளவத்தை
28.02.2024

அன்புள்ள மச்சாளுக்கு,

நீங்கள் சுகமாக இருப்பது அறிந்து சந்தோஷம். நாங்களும் அப்படியே.

அவர் ஒரு சிநேகிதரைப் பார்க்க ஹெந்தளைக்குப் போயிருக்கிறார். அங்கே இரண்டு மூன்று நாள் நிற்பார் போலிருக்கிறது. வந்தவுடன் எழுதச் சொல்கிறேன். எனக்கும் வீட்டில் கொஞ்சம் வேலை. கடிதம் சுருங்கிவிட்டதற்குக் கோபிக்க வேண்டாம்.

அருந்ததி


கொக்குவில்
06.03.2024

அருந்ததிக்கு,

சுகம் விசாரிக்கிற மனநிலையில் நான் இல்லை.

நேற்றுக் கோயிலில் முன்வீட்டு வினோதனின் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு, "தம்பிக்கு இப்ப எப்பிடி அன்ட்டி?" என்று கேட்டாள். வாயைப் பார்த்து விளங்கிக்கொண்டேன். விளங்காதது எனக்கு மட்டும்தான் என்பதும் விளங்கியது. கொழும்புக்கும் தெரியும், கனடாவுக்கும் தெரியும், கோயில் வீதியில் கற்பூரம் விற்கிறவளுக்கும் தெரியும். செவிடிக்குக் கடைசியாகச் சொன்னால் போதும் என்று நினைத்துவிட்டீராக்கும்.

ஹெந்தளையாம். அவனுக்கு ஹெந்தளையில் யார் இருக்கிறார்கள்?

இதய வருத்தக்காரி, தாங்கமாட்டாள் என்று நீர் நினைத்திருப்பீர். என் இதயம் நான் பார்த்துக்கொள்கிறேன். நடந்ததை நடந்தபடி எழுதும். ஒன்றையும் மெழுக வேண்டாம்.

அன்னபாக்கியம்


வெள்ளவத்தை
14.03.2024

அன்புள்ள மச்சாளுக்கு,

மாத்திரைகளை நேரத்துக்கு எடுத்துவிட்டு இதை வாசியுங்கள்.

உங்கள் ஏச்சு முழுவதும் எனக்குச் சேர வேண்டியதுதான். ஆனால் வாசித்தபோது சுமை இறங்கியது போலிருந்தது. இனி உங்களிடம் நடிக்கத் தேவையில்லை.

பொங்கல் கழிந்து கொஞ்ச நாளில் நடந்தது. காலையில் மரைன் டிரைவில் நடக்கப் போனவரை ஒரு மோட்டார் சைக்கிள் பின்னாலிருந்து தட்டிவிட்டது. தலை நடைபாதைக் கல்லில் அடிபட்டு உள்ளே இரத்தம் கசிந்துவிட்டது. அன்றைக்கே மண்டையைத் திறந்து ஒப்பரேஷன் செய்தார்கள். மூச்சுக்காகக் கழுத்தில் துளை போட்டுக் குழாய் வைத்திருக்கிறார்கள். அதனால் குரல் வெளியே வராது.

இரண்டு கிழமைக்குப் பிறகு கண் திறந்தார். கண் திறந்தால் ஆள் வந்துவிடுவார் என்றுதான் நான் அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன். வார்டில் எல்லோருக்கும் மைலோ வாங்கிக் கொடுத்தேன், மச்சாள். அதற்குப் பிறகுதான் டொக்டர் என்னை இருத்தி விளங்கப்படுத்தினார். விழிப்பது வேறாம், நினைவு வருவது வேறாம். இவர் காலையில் கண்ணைத் திறக்கிறார், பிறகு நித்திரை கொள்கிறார், திரும்ப விழிக்கிறார். ஆனால் கண் என்னைத் தாண்டி எங்கேயோ போகிறது. உள்ளே ஆள் இருக்கிறாரா என்று யாராலும் சொல்ல முடியவில்லை.

இதை உங்களுக்கு எப்படி எழுதுவது? செத்தார் என்றும் எழுத முடியாது, பிழைத்தார் என்றும் எழுத முடியாது. அதனால்தான் மணிக்கட்டு வலி என்று எழுதினேன்.

தாரிகா அழுவதில்லை. அது எனக்குப் பயமாக இருக்கிறது.

அருந்ததி


வெள்ளவத்தை
20.04.2024

அன்புள்ள மச்சாளுக்கு,

சுகமாக இருக்கிறீர்களா? புதுவருடமும் வந்து போய்விட்டது, உங்களிடமிருந்து ஒரு வரியும் இல்லை. என்னில் கோபமென்றால் கோபமாகவே எழுதுங்கள். வினோதனிடம் போனில் கேட்டேன். "சமைக்கிறா, சாப்பிடுறா, கதைக்கிறேல்லை" என்றார்.

இங்கே ஒரு தீர்மானத்துக்கு நெருங்கி வந்திருக்கிறோம். அவர் இருக்கும் வார்டில் தொடர்ந்து வைத்திருக்க முடியாதாம். புனர்வாழ்வு ஆஸ்பத்திரியில் ஒரு கட்டில் கேட்கலாம். அங்கே போனால் நாளாந்தம் பயிற்சி, பேச்சுக்கு ஒருவர், கைகாலுக்கு ஒருவர். ஆனால் சொன்னதைக் கேட்டு ஒரு காரியமாவது செய்கிறவர்களைத்தான் எடுப்பார்கள். வைகாசியில் அவர்களுடைய குழு வந்து பார்க்கும். அதற்குள் ஒரு விரலையாவது தூக்கிக் காட்டாவிட்டால், குழாய்களோடு வீட்டுக்குக் கொண்டுபோகச் சொல்வார்கள். பராமரிக்க எனக்குப் பயமில்லை. வீட்டில் ஒரு மூலையில் கிடத்தி, திருப்பிப் படுக்கவைத்து, பால் ஏற்றி, அதோடு நாங்களும் எதிர்பார்க்காமல் விட்டுவிடுவோமோ என்றுதான் பயம்.

டொக்டர் நல்ல மனுஷன். தினமும் வந்து சிங்களத்தில் அன்பாகக் கேட்கிறார். கை அசைவதில்லை. வாய்தான் கொஞ்சம் அசைகிறது. எனக்கு முதலில் ஆசை வந்தது. சப்புகிற மாதிரி இப்படிப் பலருக்கு அசையும், அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது என்றார்கள். நான் தமிழில் கேட்டாலும் அதே அசைவுதான்.

நீங்கள் அவரைப் பார்க்கவேயில்லை. அதனால் நேற்று டொக்டர் வந்தபோது தாரிகா போனில் வீடியோ எடுத்து வினோதனுக்கு அனுப்பியிருக்கிறாள். பார்க்க முடிந்தால் பாருங்கள். மெலிந்துவிட்டார், தலையில் ஒரு பக்கம் பள்ளமாக இருக்கும். பயப்படாதீர்கள்.

அருந்ததி


கொக்குவில்
25.04.2024

அன்புள்ள அருந்ததிக்கு,

உடம்பு இருக்கிறது. ஏன் எழுதவில்லை என்று கேட்காதீர். கொழும்பு பஸ்ஸுக்கு டிக்கெட் எடுத்தேன், ஏறவில்லை, அது வீணாகிவிட்டது. அவ்வளவுதான்.

வீடியோவை வினோதன் வீட்டில் பார்த்தேன். அவன் மனைவி போனைத் திருப்பிக் கேட்கும்வரை பார்த்தேன்.

நான் எழுதப்போவதை நிதானமாக வாசியும். நான் பிழையாகப் பார்த்திருக்கலாம். அதனால் ஊரில் யாருக்கும் சொல்லவில்லை, வினோதனைக் கொண்டு போன் எடுக்கவும் இல்லை. இந்தக் கடிதத்தை இன்று பின்னேர பஸ்ஸில் கொடுத்துவிடுகிறேன். காலையில் வெள்ளவத்தையில் எடுத்துக்கொள்ளும்.

அவன் சப்பவில்லை. கதைக்கிறான்.

டொக்டர் என்ன கேட்டார் என்று எனக்குத் தெரியாது. எனக்குக் காதும் இல்லை, சிங்களமும் இல்லை. டொக்டர் முகத்தில் மாஸ்க் வேறு. நான் பார்த்தது நாகேந்திரத்தின் வாயை மட்டும். உதடு காய்ந்து, மெதுவாகத்தான் அசைகிறது. ஆனால் ஐம்பது வருடத்துக்கு மேலாக நான் பார்க்கிற வாய் அது. டொக்டர் குனிந்து ஏதோ கேட்டு நிமிர்கிறார். அப்போது அவன் சொல்கிறான்: "கண்ணை மூடட்டாம்." அடுத்த முறை குனிந்து நிமிர்கிறார். "கையைத் தூக்கட்டாம்." மூன்றாவது தடவை ஒரு தாதி குறுக்கே வந்துவிட்டா.

டொக்டர் அந்த ஒழுங்கில் அதைத்தான் கேட்டாரா? தாரிகாவிடம் கேட்டு எழுதும். இல்லையென்றால் இந்தக் கடிதத்தைக் கிழித்துப் போடும். நான் ஒரு கிழவி, ஆசையில் பார்த்துவிட்டேன் என்று நினைத்துக்கொள்ளும்.

அன்னபாக்கியம்


வெள்ளவத்தை
30.04.2024

அன்புள்ள மச்சாளுக்கு,

உங்கள் உடம்புக்கு ஒன்றும் வரக்கூடாது. முதலில் அதை எழுதிவிடுகிறேன்.

அந்த ஒழுங்கில் அதைத்தான் கேட்டார். முதலில் கண்ணை மூடச் சொன்னார், பிறகு "அத்த உஸ்ஸன்ன", கையைத் தூக்குங்கள் என்றார். தாரிகா வீடியோவைப் போட்டுக் கேட்டுவிட்டு, உங்கள் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு சமையலறை நிலத்தில் இருந்து அழுதாள். மூன்று மாதத்துக்குச் சேர்த்து அழுதாள். நான் தடுக்கவில்லை.

கடிதத்தோடு வார்டுக்கு ஓடினோம். டொக்டர் சிரிக்கவில்லை, தட்டிக்கழிக்கவும் இல்லை. பேச்சுப் பயிற்சியாளரைக் கூப்பிட்டார். அம்னா என்று பெயர், கொட்டாஞ்சேனைப் பிள்ளை, தமிழும் சிங்களமும் தண்ணீர்பட்ட பாடு. அவ கழுத்துக் குழாயின் வாயில் ஒரு சிறிய மூடியைப் பொருத்தினா. அதைப் போட்டால் மூச்சு தொண்டை வழியாக மேலே வருமாம். இருமினார், முகம் சிவந்தது, நான் வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். டொக்டர் குனிந்து, "அத்த உஸ்ஸன்ன" என்றார்.

"கையைத் தூக்கட்டாம்."

காற்றுப் போகிற சத்தம்தான், மச்சாள். ஆனால் அவருடைய குரல். கோர்ட்டில் அவர் பாவிக்கிற, ஏற்ற இறக்கமில்லாத அந்தக் குரல். கை அசையவேயில்லை. அம்னா தமிழில், "உங்கட பேர் என்ன சேர்?" என்று கேட்டா. அவர் உடனே, "நம மொகக்த" என்று சிங்களத்தில் அதையே டொக்டரைப் பார்த்துக் கேட்டார். வார்டில் இருந்த எல்லோரும் சிரித்துவிட்டோம். சிரிப்பதா என்று யோசிக்க நேரம் கிடைக்கவில்லை.

நாங்கள் மூன்று மாதமாக அவரிடம் கேட்டுக்கொண்டிருக்கிறோம், அவரோ எங்களுக்காக மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறார். கோர்ட்டில் "கையைத் தூக்கு" என்றால் தூக்க வேண்டியவன் சாட்சிக்காரன். முதலியாருக்கு அதில் என்ன வேலை? முப்பது வருடத் தொழில் அவருக்கு முன்னால் எழும்பிவிட்டது. "அன்ட்டி, இவருக்கு வெளங்குது. அது இனி ஒறுதி. ஆனா கேக்குறது தனக்குத்தான் எண்டுதான் இன்னம் வெளங்கல்ல" என்று அம்னா சொன்னா.

டொக்டரும் உள்ளே ஆள் இருக்கிறார் என்று எழுதிவிட்டார். ஆனால் வருகிற குழு பேச்சை மட்டும் வைத்து எடுக்காதாம், சொன்னபடி ஒன்றைச் செய்ய வேண்டுமாம். சிங்களத்தில் சொன்னால் தமிழாக்குகிறார், தமிழில் சொன்னால் சிங்களமாக்குகிறார். ஆங்கிலத்தில் கேட்டுப் பார்த்தோம், இரண்டிலும் சொன்னார். குழு வர இன்னும் மூன்று கிழமைகூட இல்லை.

அருந்ததி


கொக்குவில்
03.05.2024

அன்புள்ள அருந்ததிக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். உமது கடிதத்தை வாசித்துவிட்டு இரண்டு தரம் தேத்தண்ணி ஊற்றிக் குடித்தேன். மாத்திரையும் எடுத்தேன், கவலைப்பட வேண்டாம்.

மூன்று பாஷையிலும் கேட்டீர்களாம். படித்த சனம் இத்தனை பேர் நின்று வாயால் மட்டுமே கேட்டிருக்கிறீர்கள். வாயால் கேட்டால் அவன் மொழிபெயர்க்கத்தான் செய்வான். கையால் கேளும்.

சின்ன வயதில் நாங்கள் இரண்டு பேரும் கதைத்தது பாதி வாயால், பாதி கையால். உள்ளங்கையை விரித்து நீட்டினால் "தா". நீட்டிய கையைப் பொத்தினால் "நீயே வைத்திரு". ஒரு பென்சிலுக்கும் ஒரு மாங்காய்த் துண்டுக்கும் நாங்கள் பட்ட சண்டை முழுக்க இந்த இரண்டிலும் அடங்கும். அவன் அனேகமாகத் தரமாட்டான். ஆனால் கேட்பது தன்னிடம்தான் என்பது அவனுக்கு நன்றாகத் தெரியும்.

எந்தக் கை வேலை செய்கிறதோ அந்தக் கையில் ஒரு பொருளைக் கொடும். பிறகு வாயை மூடிக்கொண்டிரும். அது உமக்குக் கஷ்டம், தெரியும். முயற்சி செய்யும்.

அன்னபாக்கியம்


வெள்ளவத்தை
27.05.2024

அன்புள்ள மச்சாளுக்கு,

நான் நலம், உங்கள் நலத்தையும் இப்போது ஒரு மனிஷியாக இருந்து விசாரிக்க முடிகிறது. அவருக்குக் கட்டில் கிடைத்துவிட்டது.

ஒழுங்காகச் சொல்கிறேன். உங்கள் கடிதம் வந்த நாளே தாரிகா தன் சீப்பை அவருடைய இடது கையில் வைத்தாள். நான் வாயை மூடிக்கொண்டு உள்ளங்கையை நீட்டினேன். ஒன்றுமில்லை. சீப்பு விழுந்தது. அடுத்த நாளும் அப்படித்தான். அம்னா, "அவசரப்பட வாணாம் அன்ட்டி, சத்தமில்லாம ஈங்க" என்று சொல்லிவிட்டு, திரைச்சீலையை இழுத்து, ரேடியோவை நிறுத்தி, வார்டில் அந்த மூலையையே ஊமையாக்கிவிட்டா.

நாலாவது நாள் அவர் என் உள்ளங்கையைப் பார்த்தார். கண் என்னைத் தாண்டிப் போகவில்லை, கையில் வந்து நின்றது. கை தூக்கிக்கொண்டு வருவதற்கு எவ்வளவு நேரம் எடுத்ததோ தெரியாது, என் தோள் விறைத்துவிட்டது. சீப்பை என் கையில் வைத்தார். மச்சாள், எனக்குக் கத்த வேண்டும் போலிருந்தது. உங்களுக்குப் பயந்து கத்தவில்லை.

குழு வந்த அன்று டொக்டரே வந்து கையை நீட்டினார். இவர் சீப்பைக் கொடுத்தார். டொக்டர் அதைத் திரும்பக் கொடுத்துவிட்டுக் கையைப் பொத்தினார். இவர் தானே வைத்துக்கொண்டார். வந்தவர்களில் ஒரு அம்மா தானும் செய்து பார்த்தா. அவவுக்கும் கொடுத்தார், பொத்தியபோது கொடுக்கவில்லை. அவர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். அங்கேயே சொல்லிவிட்டார்கள், மச்சாள். அடுத்த திங்கட்கிழமை கொண்டுபோகிறோம்.

நன்றி என்று எழுதினால் ஏசுவீர்கள். எழுதவில்லை.

அருந்ததி


கொக்குவில்
04.06.2024

அன்புள்ள அருந்ததிக்கு,

சுகம், சுகம், சுகம்.

அவனை அங்கே சேர்த்துவிட்டீர்கள் என்று வினோதன் சொன்னான். கோயிலில் பொங்கி, தெருவில் போன எல்லோருக்கும் கொடுத்தேன். ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை, எல்லோருக்கும் தெரியுமாம்.

ஆடி அமாவாசை கழித்து வருகிறேன். இம்முறை டிக்கெட் வீணாகாது. அதுவரை ஒன்று மட்டும் எழுதும்: அவன் தன் வாயால், தன் சொந்தக் கதையை எப்போது கதைக்கிறானோ, அன்றைக்கே எழுதும். மற்றவர்கள் சொன்னதைத் திருப்பிச் சொல்வதை நான் கணக்கில் எடுக்கமாட்டேன்.

அன்னபாக்கியம்


புனர்வாழ்வு ஆஸ்பத்திரி, கன்ரீன்
21.07.2024

அன்புள்ள மச்சாளுக்கு,

சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். கன்ரீன் மேசையில் இருந்து எழுதுகிறேன், கடதாசியில் கறி பட்டிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கழுத்துக் குழாயை எடுத்துவிட்டார்கள். கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். வலது பக்கம் இன்னும் சோம்பல். இங்கே சொல்லிக்கொடுக்கிறவர் "கக்குல உஸ்ஸன்ன" என்றால், "காலைத் தூக்கட்டாம்" என்று சொல்லிவிட்டு, பிறகு தானே தூக்குகிறார். இரண்டு வேலையும் பார்க்கிறார். கேட்டால் "ஓம்" என்கிறார், "வேண்டாம்" என்கிறார். அவ்வளவுதான். தானாக ஒரு வார்த்தை ஆரம்பித்தது கிடையாது. அதனால்தான் இவ்வளவு நாளும் உங்களுக்கு எழுதவில்லை.

இன்று மத்தியானம் நான் அவருக்குக் கஞ்சி பருக்கிக்கொண்டிருந்தேன். கோப்பை முடிந்தது. வாயைத் துடைத்தேன். யன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தவர் என் பக்கம் திரும்பினார்.

"நீர் சாப்பிட்டனீரோ?"

அறையில் நாங்கள் இரண்டு பேர்தான். யாரும் அவரிடம் ஒன்றும் கேட்கவில்லை. அவர் யாருக்கும் ஒன்றையும் மாற்றிச் சொல்லவில்லை. என்னிடம்தான் கேட்டார். பொங்கலிலிருந்து இன்றுவரை என்னிடம் எல்லோரும் அவர் சாப்பிட்டாரா என்றுதான் கேட்டார்கள், மச்சாள். பிழையில்லை, நானும் அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

"ஓம், சாப்பிட்டனான்" என்றேன். காலையிலிருந்து ஒரு பிளேன்ரீதான் குடித்திருந்தேன். வருத்தக்காரனை ஏன் கவலைப்படுத்துவான் என்று பழக்கதோஷத்தில் வந்த பொய்.

அவர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டேயிருந்தார். முந்தி எப்படிப் பார்ப்பாரோ அப்படி.

"பொய்" என்றார்.

நான் கட்டில் விளிம்பில் தலையை வைத்து அழுதேன். அவர் இடது கையைத் தூக்கி என் தலையில் வைத்தார். யாரும் தூக்கச் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் பொறுத்து, "போய்ச் சாப்பிட்டிட்டு வாரும்" என்றார்.

சோறு, பருப்பு, பொரித்த கருவாடு, கொஞ்சம் கீரை மல்லுங். முழுவதும் சாப்பிட்டுவிட்டேன். கையைக் கழுவிவிட்டு உங்களுக்கு எழுதுகிறேன். மேலே போனவுடன் என்ன சாப்பிட்டேன் என்று கேட்பார், போக வேண்டும்.

அருந்ததி